திறக்காத ஐந்து அறைகள்

தம்பியின் பயணப்பையைத் தலைகீழாகக் கவிழ்க்கிறாள் அக்கா. ஜன்னல் வெயிலில் கடற்கரை மணல் தரையெங்கும் மினுங்குகிறது. ஈரத் துண்டு விழுகிறது, தெருக்கடைப் பழச்சாறு வாடை போகாத பிளாஸ்டிக் குவளை விழுகிறது, கடைசியாக மாத்திரை டப்பா விழுகிறது. கிழமைக்கு ஓர் அறை. திங்கள் முதல் வெள்ளி வரை அவள் எண்ணி நிரப்பி அனுப்பிய ஐந்து அறைகளும் திறக்கப்படாமல் கிடக்கின்றன. போன வருஷம் அவள் கொடுத்த சிறுநீரகத்தை அவன் உடம்பு ஏற்றுக்கொண்டிருப்பதே இந்த மாத்திரைகளின் தயவில்தான். ஊர் சுற்றி வந்த மகாராஜாவோ போர்வைக்குள் வெடவெடத்துக்கொண்டே போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சிரிக்கிறான்.

“ஒரு வேளைகூடப் போடலையாடா?”

“ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி நோயாளி மாதிரி முழுங்கிட்டு இருக்கச் சொல்றியா? இது வெறும் சளிக் காய்ச்சல்க்கா. உன் கிட்னி இரும்பு! அடுத்த மாசம் மலைக்குப் போறோம்.”

அவன் வாயிலிருந்து எடுத்த தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டுகிறது. அவளுடைய இன்னொரு கை விலாவுக்குக் கீழே, தழும்பின் மேல் தானாகப் போய் உட்காருகிறது. அவள் குரலை உயர்த்தவில்லை.

“தாராளமாப் போயிட்டு வா. என்னோடதை மட்டும் கழட்டி இங்க வச்சுட்டுப் போ.”