இடது கால்

"வலது எது, இடது எதுன்னே தெரியாத ஆளைப் பங்குச் சாமியாரா அனுப்பியிருக்காங்கப்பா!"

பெரிய வியாழன் பூசை முடிந்ததும் முடியாததுமாகக் கோயில் வாசலில் நின்று குதித்தார் ஞானையா. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்துக்குக் குடிவந்த நாளாகப் பாதம் கழுவும் சடங்குக்கு ஆள் பிடிப்பது அவர் வேலைதான்.

இயேசு பாதம் கழுவிவிட்ட சீடர்களாகப் பன்னிரண்டு ஆண்கள் பீடத்தின் முன்னால் நாற்காலிகளில் உட்கார வேண்டும். பேண்ட், ஷூ, சாக்ஸ் கட்டாயம். சாமியார் மண்டியிடும்போது வலது ஷூவைக் கழற்றி, காலை நீட்ட வேண்டும். வெள்ளைக்காரச் சாமியார் காலத்திலிருந்தே வலது கால்தான்.

அதனால் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே வலது காலைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் போட்டுக்கொண்டு வருவார்கள். இடது கால் அதன் பாட்டுக்குக் கிடக்கும்.

இன்றைக்குப் புதுச் சாமியார் முதல் நாற்காலியின் முன் மண்டியிட்டார். ஞானையா வலது காலை நீட்டினார்.

"இடது கால் குடுங்க."

"வலதுதான் ஃபாதர்," என்றார் ஞானையா, உதடு அசையாமல்.

"இடது."

ஷூவைக் கழற்றினால், சாக்ஸ் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அது தன் மனைவி யூனிஸின் குரல் என்று தெரிந்ததும் ஞானையாவுக்கு வேர்த்துவிட்டது.

அடுத்தது அந்தோணிசாமி. சேற்றுப்புண்ணுக்குத் தடவிய ஊதா மருந்தோடு கால் வெளியே வந்தது. கிண்ணத்துத் தண்ணீரும் ஊதாவாகிப் போனது.

"மானம் போச்சுண்ணா," என்றார் அந்தோணிசாமி வாசலில். "இத்த சும்மா வுடக் கூடாது. மயிலாப்பூர் போய்ப் பேராயரைப் பாப்போம். இவரை மாத்திட்டு வேற சாமியாரை அனுப்பச் சொல்லுவோம்."

கூடி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

"இருங்க. மொதல்ல அவரையே ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்," என்று உள்ளே போனார் ஞானையா.

பூசை உடைகளை மடித்துக்கொண்டிருந்தார் சாமியார்.

"முறை தெரியலைன்னா என்னைக் கேட்டிருக்கலாமே ஃபாதர்?"

"கேட்டிருக்கணும். உங்களுக்கெல்லாம் சங்கடமாப் போச்சு. மன்னிச்சிடுங்க."

சண்டைக்கு வந்தவருக்குச் சண்டை கிடைக்கவில்லை. முணுமுணுத்தபடியே பின்வாசல் வழியாக இறங்கினார்.

அங்கே படியில் தனியாக உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான் தாவீது. காலனிக்குப் புதுசு. மறைமலை நகரில் ஏதோ பட்டறையில் வேலை. பன்னிரண்டாவது நாற்காலிக்கு ஆள் குறைகிறதென்று ஞானையாதான் அவனைப் பிடித்துப் போட்டிருந்தார்.

அவருக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"ஏம்பா, எல்லார் இடது காலும் அசிங்கமா கெடந்துச்சு. உன்னுது மட்டும் எப்படிப் பளபளன்னு இருந்துச்சு? உன்னாண்ட மட்டும் முன்னாடியே சொல்லிட்டாரா?"

தாவீது எழுந்து நின்றான். "சொன்னாருண்ணா."

"பாத்தியா! அப்ப தெரியாம செய்யல. வேணும்னே பண்ணியிருக்காரு!"

தாவீது சுற்றுமுற்றும் பார்த்தான். மறுபடி உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றினான். சாக்ஸையும் உருவினான்.

ஷூவின் முன்பக்கத்தில் துணி அடைத்திருந்தது. காலில் ஒரு விரல்கூட இல்லை.

"பட்டறையில இரும்பு வுழுந்துடுச்சுண்ணா. இங்க யாருக்கும் தெரியாது. நீங்க கூப்ட்டப்ப முடியாதுன்னு சொல்ல வாய் வரல. காலைல சாமியாராண்ட போய், வேற ஆளைப் பாருங்க, ஜனமெல்லாம் பாத்து உச்சு கொட்டும்னு அழுதுட்டேன். இடது காலை நீட்டேன்னாரு. நான் மட்டும் நீட்டினா ஏன்னு கேப்பாங்களே சாமின்னேன். அப்ப எல்லாரும் நீட்டட்டும்னாரு."

"நாங்க சண்டைக்கு வருவோம்னு தெரியாதா அவருக்கு?"

"அதையும் சொன்னேண்ணா. சிரிச்சாரு."

ஞானையா குனிந்தார். உருண்டு கிடந்த ஷூவை எடுத்து அவன் காலருகே வைத்தார்.

"சீக்கிரம் போட்டுக்கோ. யாராச்சும் வந்துடப் போறாங்க."

வாசலில் கூட்டம் கலையாமல் காத்திருந்தது.

"இன்னாண்ணா சொன்னாரு?" என்று முன்னால் வந்தார் அந்தோணிசாமி. "மயிலாப்பூர் எப்பப் போறோம்?"

ஞானையா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்கயும் போக வேணாம்பா. எந்தக் காலுன்னு சாமியார் என்னைத்தான் கேட்டிருக்காரு. வயசாச்சில்ல, நான்தான் மாத்திச் சொல்லித் தொலைச்சிருக்கேன்."