பதினாறாவது நோன்பு

பதினாறாவது நோன்பன்றும் பகல் ஒரு மணிக்கு ஃபஸ்னா வந்தாள். கையில் தயிர்ச்சோற்றுக் கிண்ணம்.

"தொழுகை இல்லையா இன்னும்?" என்று கேட்டாள் உம்மு ஹானி.

"இல்ல லாத்தா."

மாதவிலக்கை அவர்கள் ஊரில் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்த நாட்களில் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. முதல் நோன்பிலிருந்து ஃபஸ்னாவிடம் இதே பதில்தான்.

உம்மு ஹானிக்கு நோன்பு வைக்கத் தடை. மார்பில் அறுவை முடிந்து நாலாவது கீமோ ஏறியிருந்தது. ஒரு நாளாவது வைக்கிறேன் என்று டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்தாள். ஆகவே ஆகாது என்றுவிட்டார்.

வளைகுடாவில், அல் குசைஸில் அவர்கள் குடியிருந்த கட்டடமே நோன்பிருக்க, தான் மட்டும் பட்டப்பகலில் தட்டு முன்னால் உட்காருவது அவளுக்குக் களவெடுப்பதுபோல இருந்தது. முதல் நாள் ஒரு வாய்கூட இறங்கவில்லை. அப்போதுதான் எதிர் ஃப்ளாட்டிலிருந்து, அவளை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடும் ஃபஸ்னா வந்து நின்றாள்.

"எனக்கும் தொழுகை இல்ல லாத்தா. ஒத்தையில திங்க வெக்கமா இருக்கு. சேர்ந்தே திம்போம்."

அன்று இறங்கியது. அப்புறம் தினமும் இறங்கியது.

பொரித்த வாடை உம்மு ஹானிக்குக் குமட்டும். கூடவே ஃபஸ்னாவும் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "மீன் வாடையே ஆகல லாத்தா."

"ஊசி போட்டது எனக்கா, ஒனக்கா புள்ள?"

இருவரும் சிரிப்பார்கள். தயிர்ச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான் சாப்பாடு. ஊரிலிருந்து வந்த ஊறுகாய் பாட்டிலில் பாதியை ஃபஸ்னாவே காலி செய்திருந்தாள். விடிந்ததிலிருந்தே உம்மு ஹானி ஒரு மணிக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டாள்.

பத்தாவது நாள்தான் முதல் சந்தேகம். படுக்கையில் கிடந்தபடியே விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். நேற்றோடு பதினைந்து ஆகிவிட்டது.

"ஃபஸ்னா, பதினஞ்சு நாளைக்கு மேல போனா அது மாதவிலக்குக் கணக்குல வராது. குளிச்சுட்டு நோன்பு புடிக்கணும். மதரசாவுல சொல்லித் தரலையா ஒனக்கு?"

பிசைந்த கை சோற்றிலேயே நின்றது.

"தந்தாங்க லாத்தா."

"பின்ன?"

ஃபஸ்னா ஊறுகாயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"ஒரு நோன்பு கிடைக்காதான்னு நான் ஏங்கிக் கிடக்கேன். நல்ல ஒடம்ப வச்சுக்கிட்டு நீ எனக்குத் துணைங்கிற பேர்ல நோன்ப விடுற. அந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேணாம். நாளையிலேருந்து வராத."

"நான் வரலன்னா நீங்க சாப்பிடுவீங்களா?"

"அது என் பாடு."

ஃபஸ்னா எழுந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அபாயா அங்கியை முன்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திப் போனாள்.

மறுநாள் ஒரு மணி. சோறு தட்டில் இருந்தது. உம்மு ஹானியின் காது கதவில் இருந்தது.

கீழே கடை வைத்திருக்கும் அவள் புருஷன் முகம்மது யூசுப், மதியத் தொழுகையான லுஹரை முடித்துவிட்டு மேலே வந்தார்.

"ஃபஸ்னா வரல?"

"வராதேன்னு நான்தான் சொன்னேன்." நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. அவர் முகம் இறங்கியது.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஹானி, மேல்மாடி ஷிரின் புள்ளைக்குப் பேர் வச்ச விருந்து ஞாபகம் இருக்கா?"

மறக்கக்கூடியதா. சிகிச்சை முடிந்தாலும் அஞ்சு வருஷம் மாத்திரை, அதுவரை குழந்தைப் பேச்சே வேண்டாம் என்று டாக்டர் சொன்ன வாரம் அது. அவளுக்கு முப்பத்தஞ்சு நடக்கிறது. விருந்தில் யாரோ குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்கள். அப்படியே பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதவளைத் தேடி வந்து, ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குக் கூட்டிவந்தவள் ஃபஸ்னா.

"அதுக்கு என்ன இப்போ?"

யூசுப் தொப்பியை ஒருமுறை மடித்தார். பிறகு பிரித்தார்.

"ஃபஸ்னா உண்டாகியிருக்கா, நாலு மாசம். நோன்பு வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. ஒன் வைத்தியம் முடியிற வரைக்கும் லாத்தாவுக்குத் தெரிய வேணாம்னு, அவ புருஷன் நுஃமான்கிட்டயும் எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா."

உம்மு ஹானி எழுந்து இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திறந்த ஃபஸ்னா, அவளைக் கண்டதும் துப்பட்டாவை அவசரமாக வயிற்றுக்கு முன்னால் இழுத்துவிட்டாள். உம்மு ஹானியின் கண் அங்கே போயிற்று. கையும் போகப் பார்த்தது. இரண்டு கையாலும் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"லாத்தா, நான் வந்து..."

"ஒண்ணும் சொல்லாத. வா, சோறு காயுது" என்றாள் உம்மு ஹானி. "நான்தான் நாளத் தப்பா எண்ணிட்டேன்."