நாற்பதாவது மாடியில் மலிண்டா

"பல்வலின்னு சொல்லிட்டு வாயே திறக்காதே பிளேர். எங்க பாஷை உனக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரும் தலையைக் குனிஞ்சு மனசுக்குள்ள ஜெபம் பண்ணுவாங்க. அப்பா செருமினப்புறம்தான் நிமிரணும்."

"எங்க வீட்ல உனக்கு அந்தக் கவலையே இல்லை மலிண்டா. எங்கப்பா எதைக் கேட்டாலும் 'ம்'னு சொல்லு, போதும்!"

சந்தைக் கழிவறையில் உடை மாற்றியபடி இருவரும் சிரித்தார்கள். காரும் போனும் தொடாத ஆமிஷ் குடும்பத்துப் பெண்ணும், நியூயார்க் கோடீஸ்வரர் மகளும் ஒரே அச்சு! ஒருநாள் இடம் மாறினால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஜீன்ஸ், கார், நாற்பதாவது மாடிக்குப் பறந்த லிஃப்ட். மலிண்டாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாப்பாட்டு மேஜையில் பிளேரின் அப்பா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஸ்கூல் எப்படிப் போச்சு?"

"ம்."

"சூப் ஊத்தட்டுமா?"

"ம்."

இவ்வளவு சுலபமா! குஷியில் கரண்டியை எடுத்தவள், பழக்க தோஷத்தில் தலையைக் குனிந்துவிட்டாள்.

அவர் போனை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. மாட்டிக்கொண்டோம்! நிமிரவே பயமாக இருந்தது.

எதிரில் யாரோ மெல்லச் செருமினார்கள். அவள் தலை தானாக நிமிர்ந்தது. அவரும் அப்போதுதான் நிமிர்ந்துகொண்டிருந்தார், கண் கலங்க.

"எஃப்ராயிம் அண்ணன் பொண்ணா நீ?" மலிண்டா வீட்டுப் பாஷையில் கேட்டார்.

"சித்தப்பாவா? நீங்க செத்துட்டீங்கன்னு அப்பா சொன்னாரே!"

"வீட்டை விட்டு ஓடினவனை அப்படித்தான் சொல்வாரு." கார் சாவியை எடுத்தார். "வா, உயிரோட போய் நிப்போம்!"