பழுதான வின்ச்

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து பெரம்பலூரில் விடாத தூறல். காலை பத்து மணிக்கும் வெயில் தலைகாட்டவில்லை.

சுதர்சனின் கைப்பேசி அலறியது. அழைத்தவர் அமிர்தலிங்கம். அவனால் நம்பவே முடியவில்லை.

இருவரும் பள்ளத்தில் விழுந்த வண்டிகளை மீட்பவர்கள். தொழிலில் எதிரெதிர்க் கட்சி. அமிர்தலிங்கத்தின் வண்டியில் இருப்பது, இரும்பு வடத்தைச் சுற்றி இழுக்கும் ஹைட்ராலிக் வின்ச். இஞ்சின் ஓடும்வரை சளைக்காமல் இழுக்கும். சுதர்சனுடையது பேட்டரியில் இயங்கும் எலக்ட்ரிக் வின்ச். இஞ்சினை அணைத்துவிட்டும் இழுக்கலாம். ஆனால் மோட்டார் சூடேறினால் ஆறவிட வேண்டும்.

"ரெண்டு நிமிஷம் இழுத்தா நாலு நிமிஷம் தூங்கும். அது வின்ச் இல்ல தம்பி, மாப்பிள்ளை" என்று டீக்கடையில் அமிர்தலிங்கம் கேலி செய்யாத நாளில்லை.

அந்த வாயிலிருந்துதான் இப்போது வந்தது: "சிறுவாச்சூர் தாண்டி ஒரு மினி வேன் கிணத்துல விழுந்துடுச்சு. டிரைவர் காலு மாட்டிக்கிச்சு. என் வின்ச் ரிப்பேரு. ஒன் வண்டிய எடுத்துட்டு வா."

சுதர்சன் பறந்தான். வழியெல்லாம் நெஞ்சு துள்ளியது. அரியலூர் லாரி உரிமையாளர் சங்கம், ஓராண்டு மீட்புப் பணியை இருவரில் யாருக்குத் தருவதென்று அன்றுதான் முடிவு செய்யவிருந்தது.

மக்காச்சோளக் காட்டோரத்தில் நாற்பது பேர். கிணற்றின் பாதி ஆழத்தில், பாறைத் திட்டின்மேல் வேன் சாய்ந்து நின்றது. வேனுக்கும் பாறைக்கும் நடுவே ஓட்டுநர் செல்லமுத்துவின் கால், நெஞ்சளவு தண்ணீர். தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருந்தது, ஊற்றுநீரும் ஏறிக்கொண்டிருந்தது. மேலே அவன் மனைவி மலர்கொடி, புடவைத் தலைப்பை வாயில் அழுத்தியபடி நின்றாள்.

ஆபத்துக்கு உதவாத வின்ச் எதற்கு என்று கூட்டம் அமிர்தலிங்கத்தை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது. அவரோ வெட்கமே இல்லாமல், உறுமிக்கொண்டிருந்த பைக்குகளின் சாவிகளைப் பிடுங்கி, எல்லாரையும் வாய்மூடச் சொல்லி நாட்டாமை செய்துகொண்டிருந்தார். சுதர்சனின் இஞ்சினையும் அவரே அணைத்தார். மானம் போனதை மறைக்கும் வித்தை என்று சுதர்சன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

ஒருவர் படியிறங்கி வேனில் வடத்தின் கொக்கியை மாட்டிவிட்டு மேலேறினார். சுதர்சன் பொத்தானை அழுத்தினான். வேன் ஒரு விரற்கடை நகர்ந்தது.

"நிறுத்துங்க." உள்ளிருந்து நூலிழைபோல ஒரு குரல். "காலு நசுங்குது. இடப்பக்கமா இழுங்க."

விரலை எடுத்தான். இடப்புறப் பனைமரத்தில் கப்பி கட்டி வடத்தைத் திருப்பினார்கள். மறுபடி ஒரு விரற்கடை, மறுபடி அந்தக் குரல், மறுபடி நிறுத்தம். மூன்றாம் முறை, "வந்துடுச்சு" என்று குரல் உடைந்தது.

மலர்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் சுதர்சனைத் தோளில் தூக்கியது.

அன்று மாலையே சங்கம் பணியை அவனுக்குத் தந்தது. ஆபத்து நேரத்தில் கைவிடும் வின்ச்சை நம்ப முடியாது என்றார்கள். அமிர்தலிங்கம் மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை.

மறுநாள், ஆறுதல் சொல்வதுபோல் ஒரு குத்தல் குத்திவிட்டு வரலாமென்று சுதர்சன் அவரைத் தேடிப் போனான். சாலையோரப் பள்ளத்தில் இறங்கிய சிமென்ட் லாரியொன்றை அவருடைய ஹைட்ராலிக் வின்ச் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தது. இஞ்சின் உறுமலில் நான்கு முறை கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. லாரி மேலேறி, சுதர்சன் தோளைத் தொட்ட பிறகே இஞ்சினை அணைத்தார்.

"நாலு தடவ காதுகிட்ட கத்திட்டேன். எப்பண்ணே சரி பண்ணீங்க?"

"கெட்டாத்தானே தம்பி சரி பண்றதுக்கு."

அமிர்தலிங்கம் லாரியிலிருந்து கொக்கியைக் கழற்றினார்.

"நீ காதுகிட்ட கத்துனதே எனக்குக் கேக்கல. கிணத்துக்குள்ள இருக்கிறவன் 'நிறுத்து'ன்னா எப்படிக் கேக்கும்?"

"அத அங்கயே சொல்லியிருக்கலாமேண்ணே."

"நாப்பது பேரு, நாப்பது யோசனை. வெளக்கிச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தண்ணி கழுத்துக்கு வந்துருக்கும். ரிப்பேருன்னேன், திட்டிக்கிட்டே வழிவிட்டாங்க."

இரண்டு மாதத்தில் செல்லமுத்து மீண்டும் வேன் ஓட்டத் தொடங்கினான். அமிர்தலிங்கம் டீக்கடையில் மாப்பிள்ளைக் கேலியை விடவில்லை. நடந்ததைச் சங்கத்தில் சொல்லச் சுதர்சனுக்குப் பதினொரு நாள் ஆயிற்று.