வளைவில் கேட்கும் ஹாரன்

"அண்ணே, கடைசியா ஒரு தடவ கேக்குறேன். அந்த ஜீப்பு கவுந்துரணும்."

இயக்குநர் ராஜபாண்டி சொன்னது காதில் விழாததுபோல ஆரோக்கியசெல்வம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோம்பையில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர். அந்தத் தோட்டத்தை விற்றுத்தான் படத்தைத் தயாரித்தார். கதையும் அவர் சொன்னதுதான். வயதான காலத்தில் மனுசனுக்குச் சினிமாப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊரே சிரித்தது. இன்றைக்கு அந்தப் படம் விருதுப் போட்டியின் கடைசிச் சுற்றில் நிற்கிறது.

"கவுக்கணும்னு யாரு சொன்னது தம்பி?"

"விருதுக் குழுவுல இருக்கிற ஒருத்தரே தனியாக் கூப்பிட்டுச் சொன்னாக. படம் அருமையாம். முடிவுதான் சப்புனு இருக்காம். ஏலக்காத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போற பொண்ணு, மலை மெட்டுப் பாதையில மழை, ஆள அடைச்சு ஏத்துன ஜீப்பு, தேஞ்ச டயரு. பாக்குறவன் பதறிப்போயி உக்காந்திருக்கான். கடைசியில பாத்தா, ஜீப்பு பத்திரமா ஊருக்கு வந்துருது. வளைவுல ஹாரன் கேட்டதும் ஆத்தா வெந்நி போடுது. பொண்ணு குளிச்சிட்டுச் சோறு திங்குது. இதுக்கு யாருண்ணே விருது குடுப்பாக?"

"நல்லாத்தான இருக்கு."

ராஜபாண்டிக்கு எரிச்சல் தலைக்கேறியது. தயாரிப்பாளர் என்றால் இவரைப்போல அமைவது அபூர்வம்தான். படப்பிடிப்பில் எதிலும் தலையிட மாட்டார். ஆனால் சில விஷயங்களில் கல்லுளிமங்கன். கதாநாயகிக்குச் சென்னைப் பெண் வேண்டாம் என்று சொல்லி, ஊர் ஊராய் அலைந்து, ஜெயமங்கலத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். அந்த ஹாரன் சத்தத்துக்காக ஸ்டூடியோவில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, "இது இல்ல தம்பி, இன்னும் கொஞ்சம் கம்மலா இருக்கும்" என்று எல்லார் உயிரையும் வாங்கினார்.

"கவுர்ற மாதிரி ஒரு ஷாட்டு மெட்டுலயே எடுத்து வச்சிருக்கேண்ணே. அன்னைக்கு நீங்கதான் பாதியில எந்திரிச்சுப் போயிட்டீக. அத வச்சு முடிவ மாத்தி நாளைக்குள்ள அனுப்பலாம். இந்தப் பேப்பர்ல தயாரிப்பாளர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

ஆரோக்கியசெல்வம் பேப்பரைத் தொடவில்லை.

"எனக்கு நாப்பது வயசு தாண்டிருச்சுண்ணே. பெரியகுளத்துல இருந்து எங்கப்பா தினமும் போன் போட்டு, வேற வேலை பாத்துக்கடான்னு அழுகுறாரு. இது கைவிட்டுப் போச்சுன்னா எனக்கு அடுத்த படம் கெடையாது."

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சுமா இப்பிடி உக்காந்திருக்கீக?"

ஆரோக்கியசெல்வம் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். ராஜபாண்டிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இதுவரை பேச்செல்லாம் தேனி லாட்ஜில்தான். வீட்டுக்கு வந்து காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம் என்று இன்றைக்குத்தான் முதல்முறையாக இங்கே வந்திருந்தான். வந்த இடத்திலும் வரவேற்பு அப்படித்தான். வாசலில் நின்ற வீட்டம்மா மதலேனாளிடம், "வணக்கம்க்கா" என்றான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரு முனையைப் பார்த்தபடி நின்றார். மழை தூற ஆரம்பித்தும் இன்னும் அங்கேதான் நிற்கிறார்.

ஆரோக்கியசெல்வம் எழுந்தார்.

"நேரமாச்சு. செத்த நேரம் இருங்க தம்பி."

ஜன்னலை விரியத் திறந்து, டிவியை அதன் பக்கம் திருப்பினார். படத்தின் கடைசிக் காட்சியைப் போட்டுச் சத்தத்தை முழுசாகக் கூட்டினார். வேண்டுமென்றே தன்னைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து ராஜபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கம்மலான அந்த ஹாரன் வீடு முழுக்க ஒலித்தது.

வாசலில் நின்ற மதலேனாள் விறுவிறுவென்று உள்ளே வந்தார். சேலை நனைந்திருந்தது. முகத்தில் மட்டும் அப்படியொரு நிம்மதி.

"பிள்ள வந்துட்டா. வெந்நி போட்டுர்றேன். குளுருல வெறச்சுப்போயி வருவா."

சமையலறையில் அடுப்புப் பற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சோற்றுத் தட்டோடு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார். திரையில் அந்தப் பெண் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். அவள் சோற்றில் கை வைத்த பிறகுதான் மதலேனாளும் தன் தட்டில் கை வைத்தார்.

ராஜபாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணே, உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

ஆரோக்கியசெல்வம் மனைவியையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"முன்னெல்லாம் விடிய விடிய வாசல்லயே நிப்பா தம்பி. மழையானாலும் பனியானாலும் ஹாரன் கேக்காம உள்ள வரமாட்டா, ஒரு வாய் திங்கமாட்டா. இந்தப் படம் வந்த பெறகுதான் சாப்புட்டுத் தூங்குறா."

பேப்பர் இன்னும் ராஜபாண்டியின் கையில்தான் இருந்தது. அதை மெதுவாக விலக்கிவிட்டு அவர் சொன்னார்:

"எங்க அருள்செல்வி போன ஜீப்பு நெசத்துல ஒரு தடவ கவுந்துருச்சு தம்பி. மறுபடியும் அத நானே கையெழுத்துப் போட்டுக் கவுக்கணுமா?"