மேற்குக் கரை

ஏழு மணி நேரம் இருபது நிமிடம்.

அவனுக்காகப் பெண் கேட்டு வந்த மூவரும் வேலிக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

விடியும்போதே, உறவு கேட்டு வந்திருக்கிறோம் என்று உரக்கக் கூவினார்கள். அவள் வீட்டில் யாருக்கும் காது கேட்கவில்லை. இந்தெபெலே மக்களின் வழக்கம் அது. வெயில் உச்சிக்கு ஏறும்வரை கேட்காததுபோல் இருக்கவேண்டும்.

அவள் குடிசைக்குள் போர்வையை முக்காடிட்டுப் பாயில் இருந்தாள். பக்கத்தில் அத்தை.

தான் கேள்வி கேட்காமல் அவள் வாய் திறந்தால் மூவரையும் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். பிறகு அறுவடை முடிந்துதான் வர முடியும்.

மாப்பிள்ளை வரக்கூடாது. அவன் வடக்கே, லுப்பானேயில் இருந்தான். அவளுடைய கைப்பேசி அத்தையின் மடியில் இருந்தது. இதுவரை பதினொரு முறை அதிர்ந்துவிட்டது.

சித்தப்பா வெளியே போனார்.

“வேலியோரம் மூணு பாறை புதுசா முளைச்சிருக்கேன்னு பார்த்தேன். மனுசங்களா!”

முற்றத்துக்கு அழைத்து வந்து உட்கார வைத்தார். கதவிடுக்கு வழியே எல்லாம் கேட்டது.

“எந்தத் தண்ணி குடிக்கிறவங்க?”

தூது வந்தவர்களில் மூத்தவர் தொண்டையைச் செருமினார்.

“மசூகு குடும்பம். தெற்கே கடல் பக்கத்து நாட்டுலேருந்து அரசர் பின்னாடி நடந்து வந்தவங்க. வால் ஆறு தாண்டி, லிம்போபோ தாண்டி, இந்த மட்டோபோ மலைக்கு வந்தோம்.”

“நாங்க மட்டும் பறந்தா வந்தோம்? இப்ப எங்க?”

“வடக்கே. குவாயிக் காட்டுல.”

“அந்தத் தண்ணி ஸாம்பேசிக்குப் போகுது. நம்ம தண்ணி லிம்போபோவுக்குப் போகுது. சேராத தண்ணிக்கா பொண்ணு?”

அது உண்மைதான். ஆறுகளின் நீரை அளப்பது அவள் வேலை. புலவாயோ மேட்டில் விழும் மழை இரண்டாகப் பிரிந்துவிடும்.

“நாங்களும் இந்த மலைதான், ஐயா. வெள்ளைக்காரன்தான் எங்களை லாரியில ஏத்திக் கொண்டுபோய் அங்க இறக்கினான்.”

“எங்கேருந்து ஏத்தினான்?”

ஒரு நொடி தாமதம். மூத்தவர் வேறு குலத்துக்காரர். மனப்பாடம் செய்து வந்திருந்தார்.

“துலி ஆத்துக் கிழக்குக் கரையிலேருந்து.”

“கிழக்குக் கரை எங்க அப்பாவோட மேய்ச்சல். அங்க எந்த மசூகுவும் இருந்ததில்ல.”

முக்காலி நகரும் சத்தம். சித்தப்பா எழுந்துவிட்டார்.

“மேற்கு!”

அது யார் குரல் என்று அவளே ஒரு கணம் யோசித்தாள்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வாயை அல்ல. தன் வாயை.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் சித்தப்பாவின் செருப்புகள் மட்டும் தெரிந்தன.

“என்ன சொன்னே?”

அலுவலகத்தில் அளவுகோல்கூட இவளைவிட அதிகம் பேசும் என்பார்கள்.

“மேற்குக் கரை, சித்தப்பா. பெரிய பாறையில அவங்க பாட்டிமாருங்க தானியம் அரைச்ச பள்ளம் மூணு இருக்கு. அரைக்கிற கல்லும் அங்கயே கிடக்கு. என் கைக்கு அளவெடுத்த மாதிரி.”

செருப்புகள் அசையவில்லை.

அத்தையின் மடியில் கைப்பேசி பன்னிரண்டாவது முறை அதிர்ந்தது.

“ஆத்து வேலைக்குப் போனப்ப பார்த்தியாக்கும்?”

வீட்டில் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

சித்தப்பா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். அதில் பாதி சிரிப்பு. பிறகு குரலைக் கனமாக்கிக்கொண்டு, வழக்கப்படி கேட்கவேண்டியதைக் கேட்டார்.

“இவங்க பையனை உனக்குத் தெரியுமா?”

குலவையிட அத்தை நாக்கைத் தயாராக வைத்திருந்தாள்.

அவள் முக்காட்டை விலக்கினாள்.

“அவர் கையிலதான் அந்தக் கல்லு ரொம்பச் சின்னதா இருந்துச்சு.”