ஹார்லனின் மூன்று கோடுகள்

"ஒரே குண்டுல விழணும். மறுபடி எழுந்திருக்கவே கூடாது" என்றாள் அந்தப் பெண்.

துப்பாக்கிக் கடை ஹார்லன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "யாரும்மா, உன் புருஷனா? அவனுக்குன்னா அணில் சுடுற தோட்டாவே போதுமே."

"எல்க் மானுக்கு. முந்நூறு கிலோ தேறும். தோள் எலும்பை உடைச்சுக்கிட்டு உள்ள போகணும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரோட்டுல வண்டிய நிறுத்தி, உக்காந்தபடியே சுட்டா எது சரிப்படும்?"

ஹார்லனுக்கு மூக்கில் வியர்த்தது. மொன்டானாவில் சாலையிலிருந்து சுடுவது குற்றம். வேட்டைக் காலம் தொடங்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் சுட்டால் அது இன்னொரு குற்றம். சரியான கள்ள வேட்டைக்காரி! வனக்காவலருக்கு ஒரு போன் போட்டால் போதும். அதற்கு முன் கொஞ்சம் வாயைக் கிளறிப் பார்க்கலாம்.

"மாட்டினா துப்பாக்கியும் போச்சு, லைசென்ஸும் போச்சு. தெரியும்ல?"

"மாட்டினாத்தானே?"

கைகாரிதான். ஹார்லன் பெட்டிகளை எடுத்து வைத்தார். "இது ஈய முனை. எலும்புல பட்டா சிதறிடும், கறி பூரா ஈயத்தூள். இது விரியவே விரியாது. ஊசி மாதிரி அந்தப் பக்கம் போயிடும், எல்க் அது பாட்டுக்கு ஓடிடும். செம்புதான் சரி. பூ மாதிரி விரியும்."

"செம்பா? அதுல அடிச்சா எல்க் சிரிச்சுக்கிட்டே நிக்குதாமே!"

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆறாமல் இருந்த புண்ணில் விரல் பட்டதுபோல் இருந்தது ஹார்லனுக்கு.

"அது கடைச்சரக்கா இருக்கும்!" இழுப்பறையைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்தார். "இதைப் பாரு. என் பட்டறையில நானே கடைஞ்ச குண்டு. அடியில மூணு கோடு போட்டிருப்பேன், அது என் முத்திரை. முப்பது வருஷத்துல இதுக்கு விழாத எல்க்கே கிடையாது." கடைசி வார்த்தையில் குரல் லேசாக இடறியது.

"அப்ப இதுலயே ஒரு பெட்டி குடுங்க."

"கோடி குடுத்தாலும் கிடைக்காது. இது என் துப்பாக்கிக்கு மட்டும்தான்."

"கூட்டாளி, மச்சான்னு யாருக்காவது...?"

"என் மகனுக்கே ஒண்ணு குடுத்ததில்லம்மா!"

அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். கோட்டுப் பைக்குள் கைவிட்டு, வனக்காவலர் பேட்ஜை எடுத்து மேசைமேல் வைத்தாள். பக்கத்திலேயே ஒரு செம்புக் குண்டு. அடியில் மூன்று கோடுகள்.

ஹார்லனின் பார்வை, சுவரில் தொங்கிய தன் துப்பாக்கிக்குப் போனது.

"ஞாயித்துக்கிழமை மூடுபனியில உங்க வண்டிதான் எங்களுக்கு அடையாளம் தெரியல" என்றாள் அவள். "குண்டு மேல சந்தேகமே வேண்டாம் ஐயா, தோள்லதான் கச்சிதமா அடிச்சிருக்கீங்க.

"திருடங்களைப் பிடிக்க நாங்க நிறுத்தி வெச்ச பொம்மை எல்க்குக்குத்தான் செத்து விழத் தெரியல."